வண்டி நிறையப் பொருள்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாத காலத்தில், வீரகேது என்று ஒரு ராஜா இருந்தார். ஒரு நாள் மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கவளத்தை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

“உண்கிறோம், உறங்குகிறோம், எழுந்து மறுபடி உண்கிறோம். எதற்காக? இந்த வாழ்வுக்குப் பொருள்தான் என்ன?”

அன்றைக்கு இலையை விட்டு எழுந்தவர்தான், அதன் பிறகு சிரிக்கவேயில்லை. வழக்குகள் தீராமல் கிடந்தன. வந்த தூதர்கள் வாசலிலேயே தூங்கி வழிந்தார்கள். பண்டிதர்கள் ஒவ்வொருவராக வந்து விளக்கம் சொன்னார்கள். கேட்கக் கேட்க ராஜாவின் முகம் இன்னும் வாடிப்போயிற்று.

சபையில் மருதப்பன் என்றொரு விகடகவி. அதற்கு முன்பெல்லாம் அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். தலைமைப் பண்டிதர் ஆதிநாதர் வாயைத் திறந்தால் ராஜா கொட்டாவி விடுவார். பண்டிதருக்கு வயிற்றெரிச்சல் வர இது போதாதா? சமயம் பார்த்து எழுந்தார்.

“அரசே, எங்கள் சொல்லெல்லாம் தீர்ந்தது. மருதப்பன் சொல்லில் மட்டுமல்ல, செயலிலும் வல்லவன். வாழ்வின் பொருளை அவனே கொண்டு வரட்டும்.”

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நல்லது. மருதப்பா, நாளை மாலைக்குள் வாழ்வின் பொருளை இந்தச் சபைக்குக் கொண்டு வா. விளக்கம் வேண்டாம், கேட்டு அலுத்துவிட்டது. நான் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போய்விடு.”

மருதப்பன் வழியில் யாரையும் சிரிக்க வைக்காமல் வீடு வந்து சேர்ந்தான். மறுநாள் விடிந்தும் அப்படியே முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். இந்த ஊரை விட்டு எங்கே போவது? போன இடத்தில் யாரைச் சிரிக்க வைப்பது? யோசனையில் கையில் அகப்பட்டதை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

மோர் விற்றுவரும் அவன் மனைவி செங்கமலம் உள்ளே பானையைத் தட்டினாள். “என் மத்தை யாரு எடுத்தது? அது இல்லாட்டி இன்னைக்கு எனக்குப் பிழைப்பே இல்ல!”

மருதப்பன் கையைப் பார்த்தான். கையில் இருந்தது மத்து. துள்ளி எழுந்தான்.

“செங்கமலம், இதை எனக்குக் கொடு. சாயங்காலம் தந்துடறேன்.”

“மோரை என்ன, கையால கடையறதா?” என்று அவள் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

அரண்மனை வண்டியைப் பூட்டிக்கொண்டு மருதப்பன் வீடு வீடாகப் போனான். “ராஜா ஆணை! எது இல்லாமல் உங்களுக்கு ஒரு நாள் ஓடாதோ, அதை எடுத்து வாருங்கள்.” நாவிதர் கத்தியைக் கொடுத்தார். பல் போன கிழவர் வெற்றிலை இடிக்கும் உரலைக் கொடுத்தார். ஒருத்தியிடம், “உன் புருஷனா?” என்று கேட்டான். “அவரு இல்லாட்டி நல்லாத்தான் ஓடும்” என்று சொல்லிவிட்டு அம்மிக் குழவியைத் தூக்கிப் போட்டாள்.

மாலையில் சபை நடுவே எல்லாவற்றையும் குவித்தான். “அரசே, தொட்டுப் பாருங்கள். வாழ்வின் பொருள்.”

ஆதிநாதர் சிரித்தார். “அரசே, இவன் தங்களைப் பரிகசிக்கிறான். பொருளா இது? பழைய சாமான்!”

அதற்குள் வாசலில் ஒரே இரைச்சல். சாமான் கொடுத்தவர்கள் பொறுக்க முடியாமல் வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் இடுப்பில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

“என்னம்மா வேண்டும்?” என்றார் ராஜா.

“அந்தப் பச்சைச் சேலை, மகாராசா. தூளி.”

“கிழிந்த துணி. இதற்கா இவ்வளவு அழுகை?”

“உங்களுக்குத்தான் அது துணி. அதுல போட்டாத்தான் எம்புள்ள தூங்கும்.”

ராஜா தலையசைத்தார். அவள் சேலையை எடுத்துச் சபைத் தூண்கள் இரண்டுக்கு நடுவே கட்டித் தூளி போட்டாள். இரண்டு ஆட்டு ஆட்டினாள். அழுகை நின்றது. ராஜா தம்மையறியாமல் குரலைத் தாழ்த்தினார். “பண்டிதரே, தாங்கள் சொல்ல வந்தது?”

ஆதிநாதர் வாதத்தைத் தொடங்கினார். ஆனால் மூக்கைத் தேய்த்தார். மடியைத் துழாவினார். மறுபடி மூக்கைத் தேய்த்தார். நெற்றி வியர்த்தது.

“பண்டிதருக்கு என்ன?” என்றார் ராஜா.

மருதப்பன் குவியலிலிருந்து ஒரு வெள்ளி மூக்குப்பொடிச் சிமிழை எடுத்தான். “இவர் வீட்டிலும் கேட்டேன், அரசே. ‘இது இல்லாமல் அவருக்குச் சுலோகம் வராது’ என்று அம்மாள் கொடுத்தார்கள்.”

“கொடுத்துத் தொலை ஐயா!” என்று பண்டிதர் பாய்ந்து பிடுங்கி, ஒரு சிட்டிகை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ராஜாவுக்கு உதடு துடித்தது. குழந்தை விழித்துவிடுமே என்று அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“ஒரு பொருளைக் கேட்டேன், வண்டி நிறையக் கொண்டு வந்திருக்கிறாயே!”

“இங்கே குவித்து வைத்தால் பண்டிதர் சொன்னது போலப் பழைய சாமான்தான், அரசே. அவரவர் வீடு போய்ச் சேரட்டும்.”

“என் வீட்டில் கேட்கவில்லையா?”

மருதப்பன் மடியிலிருந்து இரண்டு தாயக்கட்டைகளை எடுத்து நீட்டினான். “மகாராணி கொடுத்தார்கள். கேள்வி பிறந்த நாளிலிருந்து தாங்கள் இதைத் தொடவில்லையாம்.”

ராஜா கட்டைகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு தம் சால்வையை எடுத்து மருதப்பனுக்குப் போர்த்தினார்.

“உன்னை நாட்டை விட்டுப் போகச் சொன்னேனே. இனி நீ நினைத்தாலும் போக முடியாது. ஆற்றங்கரையில் நன்செய் நிலம் எழுதித் தருகிறேன்.”

சபையைக் கலைத்துவிட்டு வேகமாக அந்தப்புரம் போனார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து கட்டை உருளும் சத்தமும் “தாயம்!” என்ற கூச்சலும் கேட்டன. ஆட்டத்தில் ராஜாதான் ஜெயித்தார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மகாராணி வேண்டுமென்றே தோற்றாளா என்று கேட்கத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.