கோட்டுக்குள் ஒரு பட்டுச் சேலை

"சாமி, கோட்டு கசங்காமக் கொண்டுபோறதுக்கு என்னங்க வழி?"

மடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பிறவியைக் கடக்க வழி கேட்கிற இடத்தில் ஒருவர் கோட்டுக்கு வழி கேட்டால் சிரிப்பு வராதா?

கேட்டவர் தெய்வசிகாமணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏற்றுமதிக்குப் போகிற துணியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தேறினால் "பாஸ்." ஒரு சுருக்கம் கண்ணில் பட்டாலும் "ரிஜெக்ட்." இந்த இரண்டு சொல்லிலேயே அவர் காலம் ஓடிவிட்டது. அதிலும் பாஸ் சொல்ல அவருக்கு மனசு வருவது அபூர்வம்.

ஓய்வு அவருக்குத்தான் கிடைத்தது, அவர் கண்ணுக்குக் கிடைக்கவில்லை.

அவிநாசிப் பக்கத்தில் இருக்கிற அந்த மடத்துச் சாமி அவரைவிட ரொம்ப இளையவர். தலையில் ஒரு நரை கிடையாது. ஆனாலும் எதற்கெடுத்தாலும் அங்கே ஓடிவருவது தெய்வசிகாமணிக்குப் பழக்கம்.

சாமி சிரிக்கவில்லை.

"எங்க போறீங்க ஐயா?"

"கப்பல்லீங்க. சென்னையில ஏறிக் கடலச் சுத்திப்போட்டுத் திரும்பறது. மக டிக்கெட் போட்டுக் குடுத்திருக்கறா. அதுல ஒருநா பெரிய விருந்தாமுங்க. ஆம்பளைங்க கோட்டு, பொம்பளைங்க பட்டு. வாசல்லயே நிக்க வெச்சுப் போட்டோ எடுப்பாங்களாம். ரூமுல இஸ்திரிப் பெட்டி வெச்சுக்கக் கூடாதுன்னு வேற சொல்லிப்போட்டாங்க. பெட்டியில மடிச்சா கோட்டு என்னத்துக்குங்க ஆகும்? எனக்குத் தூக்கமே வர்றதில்லீங்க."

"வீட்டுல அம்மா என்ன கட்டிக்கறாங்க?"

"அவ விருந்துக்கு வரலீங்களாம். ரூமுலயே ரெண்டு இட்லி கெடச்சாப் போதுமுங்கறா." தெய்வசிகாமணி கையை உதறினார். "அத விடுங்க. கோட்டுக்கு ஒரு வழி சொல்லுங்க."

சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்குக் கோட்டையும் பெட்டியையும் கொண்டுட்டு வாங்க. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அவங்க பட்டுச் சேலை ஒண்ணு வேணும்."

"சேல எதுக்குங்க?"

"வழி கேட்டீங்களே."

மறுநாள் இருவரும் வந்தார்கள். அவர் மனைவி பூவாத்தாள் மஞ்சள் பையிலிருந்து சேலையை எடுத்துச் சாமி முன்னால் வைத்தாள். அரக்கு நிறம், பச்சைக் கரை. குப்பென்று பாச்சை உருண்டை வாசம் அடித்தது.

"நல்ல சேலையாச்சேம்மா," என்றார் சாமி. "கோட்டுக்குள்ள திணிச்சா இது கசங்கிப் போயிரும். பரவாயில்லீங்களா?"

"கசங்கட்டுங்க சாமி. நான் இதக் கட்டறதில்லீங்க."

"ஏம்மா?"

"செக்கிங்குல தேறலீங்க," என்று சொல்லிவிட்டுப் பூவாத்தாள் சிரித்தாள்.

தெய்வசிகாமணியும் கூடவே சிரித்தார். பிறகு எதற்குச் சிரித்தோம் என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். அவருக்கு அது மறந்தே போயிருந்தது.

அது மகள் கல்யாண வரவேற்பில் நடந்தது. விடிந்ததிலிருந்து இதே சேலையோடுதான் பூவாத்தாள் பந்திக்கும் மேடைக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். யார் யார் குழந்தையோ அவள் இடுப்பில் ஏறி இறங்கியிருந்தது. குடும்பப் படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்றதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடைப் படியில் கால் வைத்தாள். இஸ்திரி கலையாத கோட்டோடு மேலே நின்றிருந்த தெய்வசிகாமணி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ரிஜெக்ட்! போய் மாத்திட்டு வா."

விளையாட்டாகத்தான் சொன்னார். சம்பந்தி வீடு மொத்தமும் சிரித்தது. அவள் மாற்றிக்கொண்டு திரும்புவதற்குள் படம் எடுத்து முடிந்துவிட்டது.

அந்தப் படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் பெண்ணுக்கு அப்பா இருக்கிறார், அம்மா இல்லை. தெய்வசிகாமணி அதற்குக் கீழே உட்கார்ந்துதான் காப்பி குடிக்கிறார். வாரா வாரம் அதைத் துடைத்து வைக்கிறவள் பூவாத்தாள். அன்றைக்குப் பிறகு அவர் பக்கத்தில் பட்டு கட்டிக்கொண்டு அவள் எந்த விசேஷத்திலும் நின்றதில்லை.

சாமி கோட்டைப் பாயில் விரித்தார். சேலையைப் பிரித்துத் தோள் இரண்டிலும் சுருட்டி வைத்தார். கைகளுக்குள் கொஞ்சம் நுழைத்தார். மிச்சத்தை மடிப்பு விழுகிற இடத்தில் திணித்து, அதன்மேல் கோட்டை மடித்துப் பெட்டிக்குள் இறக்கினார்.

தெய்வசிகாமணி கோட்டின் காலரை மட்டும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். துணியோடு காலம் தள்ளிய மனுஷன், சேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அங்க போனதும் நீங்களேதான் பிரிக்கணும்," என்றார் சாமி. "கோட்டு கசங்காம இருந்தா, ஏன் கசங்கலைன்னு பார்த்துட்டு அப்புறம் போட்டுக்குங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

கப்பலில் விருந்து நாள் வந்தது.

பூவாத்தாள் நூல் சேலையில் அறை ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெய்வசிகாமணி பெட்டியைத் திறந்தார். கோட்டை விளக்கடிக்குக் கொண்டுபோய் முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார், காலரைத் தூக்கிப் பார்த்தார். மருந்துக்குக்கூட ஒரு சுருக்கம் இல்லை.

"பாத்தியா புள்ள! சாமின்னா சாமிதான்!"

"நல்லதாப் போச்சுங்க. கெளம்புங்க, நேரமாகுது."

கோட்டுக்குள் கை நுழையவில்லை. அப்போதுதான் சாமி சொன்னது நினைவுக்கு வந்தது. உள்ளே கைவிட்டுச் சேலையை உருவினார்.

சேலை வந்துகொண்டே இருந்தது. அதில் கசங்காத இடம் என்று ஒரு விரற்கடை இல்லை. தோளில் விழ வேண்டிய சுருக்கம், கையில் விழ வேண்டிய சுருக்கம், இடுப்பில் விழ வேண்டிய மடிப்பு, எல்லாம் அதில்தான் விழுந்திருந்தது.

பழக்கதோஷத்தில் அவர் வாய் "ரி..." என்று ஆரம்பித்தது.

அதற்குமேல் வரவில்லை. மேடையும், சிரிப்பும், கொசுவத்தைப் பிடித்தபடி படியிறங்கிப் போன பூவாத்தாளின் முதுகும் கண்முன்னே வந்து நின்றன. சேலையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, ஒடம்புக்கு ஆகலீங்களா?"

"அன்னிக்கு மேடையில... நீ எறங்கிப் போனியே புள்ள."

பூவாத்தாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அத்தன சனத்துக்கு முன்னால சொல்லிப்போட்டேன். எந் தப்புத்தான்."

"இப்ப எதுக்குங்க அதெல்லாம்." அவள் எழுந்து வந்தாள். "கோட்டப் போடுங்க."

தெய்வசிகாமணி கோட்டைக் கையில் எடுத்தார். ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கினார். முறுக்கியதைக் கட்டிலில் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க!"

"இரு புள்ள. இன்னும் கொஞ்சம் கசங்கோணும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எது எது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் சேலையை நீட்டினார்.

"இந்தக் கோலத்துலீங்களா?"

"இந்தக் கோலத்துலதான். நீ இல்லாம நான் போட்டோவுக்கு நிக்க மாட்டேன்."

அவள் வாங்கிக்கொண்டாள்.

விருந்துக்கூடத்து வாசலில் படம் எடுக்கிறவர் இருவரையும் பார்த்துத் தயங்கினார். சேலைச் சுருக்கத்தில் பாதியைப் பூவாத்தாள் கொசுவத்தில் மறைத்திருந்தாள். கோட்டில் மறைக்க இடமில்லை.

"சார், கோட்டு ரொம்பக் கசங்கியிருக்கே. போய் மாத்திட்டு வர்றீங்களா? அதுக்குள்ள மேடத்தைத் தனியா எடுத்துடறேன்."

தெய்வசிகாமணி மனைவியைப் பார்த்தார்.

பூவாத்தாள் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். காலரைத் தூக்கிப் பார்த்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் அவசரப்படவேயில்லை. பின்னால் வரிசை காத்துக்கொண்டு நின்றது.

"பாஸ்," என்றாள். "சேத்தே எடுங்க தம்பி."