சிட்டு லினக்ஸுக்கு டெஸ்க்டாப் பார்த்த கதை

கோவில்பட்டியில் நாலு பேர் சேர்ந்து கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸ் மென்பொருள் ஒன்றைச் செய்தார்கள். நாலு பேருக்கும் பொதுவாக ஒரு மூளை இருந்திருந்தால்கூட இந்தக் கதைக்கு வேலை இருந்திருக்காது. இல்லையே, என்ன செய்ய!

தலைவர் மாசிலாமணி. ஜெராக்ஸ் கடைக்காரர், தங்கமான மனுஷர், கண்ணீர் மட்டும் சட்டென்று வந்துவிடும். மற்றவர்கள் செண்பகராமன், தாவூது, இசக்கியம்மாள். பழைய கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும் என்று அந்த லினக்ஸுக்குச் 'சிட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். பொட்டியைப் போட்டதும் திரையில் படம், மெனு, பொத்தான் என்று வருமே, அந்த டெஸ்க்டாப் ஒன்றுதான் பாக்கி. எதை வைப்பது என்று முடிவாகவில்லை.

பெண்கள் பள்ளியில் இருபது பழைய கம்ப்யூட்டர்கள் தூசி பிடித்துக் கிடந்தன. அவற்றில் சிட்டுவை ஏற்றித் தருகிறோம் என்று நாலு பேரும் போய் நின்றதும், தலைமையாசிரியை குணவதி கறாராகச் சொல்லிவிட்டார்.

"மாசிலாமணி, ஸ்விட்சைப் போட்டு என் பிள்ளைங்க நூறு எண்ணி முடிக்கிறதுக்குள்ள டெஸ்க்டாப் வந்தாகணும். தேவையில்லாததை எல்லாம் தூக்கிருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகலைன்னா இருபதையும் பழைய இரும்புக் கடை பொன்பாண்டிகிட்ட ஏத்தி விட்டுருவேன்."

அந்தப் பொட்டிகளைச் சுத்தியலால் உடைக்கிற காட்சி கண்ணுக்குள் வந்து, மாசிலாமணிக்கு மத்தியானச் சாப்பாடே இறங்கவில்லை.

உடனே கூட்டம் போட்டார். நாலு பேருக்கும் நாலு விதமான டெஸ்க்டாப் பிடித்திருந்தது. யார் மனசும் நோகக்கூடாது என்பது அவர்கள் சங்கத்தின் முதல் விதி. ஆகவே நாலையும் ஒரே பொட்டியில் ஏற்றி, நாலும் ஒன்றாகத் திறக்கும்படி செய்தார்கள். செண்பகராமன் எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டில்தான் திரை வந்தது.

"டெஸ்க்டாப் மேல தப்பு இல்ல, அண்ணாச்சி," என்றார் தாவூது. "எண்ணுறவரு அவசரப்படுதாரு."

செண்பகராமனுக்குச் சுருக்கென்றது. "அப்ப நீரு எண்ணும்வே!"

தாவூது எண்ணினார். முப்பதில் ஒரு டீ குடித்தார். அறுபதில் மச்சானுக்கு போன் போட்டு நலம் விசாரித்தார். தொண்ணூற்றாறில் நாலு டெஸ்க்டாப்பும் ஜம்மென்று வந்து நின்றன. ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆனா அங்க எண்ணப் போறது பிள்ளைங்கல்லா?" என்றார் இசக்கியம்மாள்.

கட்டிப் பிடித்த கைகள் இறங்கின. தாவூதை எட்டாம் வகுப்பில் சேர்த்துவிடலாமா என்று அரை மணி நேரம் யோசித்தார்கள். பெண்கள் பள்ளி என்பதால் கைவிட்டார்கள்.

பிறகு டீச்சர் சொன்னபடி தேவையில்லாததைத் தூக்க உட்கார்ந்தார்கள்.

"கடிகாரம் எதுக்கு? பள்ளிக்கூடத்துலதான் மணி அடிக்காங்களே," என்றார் தாவூது. கடிகாரம் போனது.

"பேரைக் கேக்குது, பாஸ்வேர்டைக் கேக்குது. நான் யாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் செண்பகராமன். அதுவும் போனது.

"இந்தக் குட்டிக் குட்டிப் படத்தைப் பாத்துக்கிட்டே இருந்தா பிள்ளைங்களுக்கு எண்ணிக்கை தப்பிரும்," என்றார் இசக்கியம்மாள். நியாயம்தானே! படங்களும் போயின. மெனுவைப் படிக்க நேரமாகும் என்று மெனுவைத் தூக்கினார்கள். மவுஸ்தான் மேசைமேலேயே இருக்கிறதே, உள்ளே அம்பு எதற்கு என்று அம்பையும் தூக்கினார்கள்.

தூக்கத் தூக்க எண்ணிக்கை குறைந்தது. எண்பது, நாற்பது, எட்டு. கடைசியில் வெறும் கறுப்புத் திரை மிஞ்சியது. பொட்டியை அணைத்துவிட்டு, மறுபடி சோதிக்க ஸ்விட்சில் கையை வைத்த செண்பகராமன் அலறினார்.

"அண்ணாச்சி! நான் இன்னும் ஸ்விட்சே போடல. அதுக்குள்ள வந்துருச்சு!"

மாசிலாமணி பார்த்தார். ஆமாம், அதே கறுப்பு. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. "உலகத்துல எவனும் பண்ணலய்யா இதை!"

"கறுப்பையும் தூக்கிருவோமா?" என்று கேட்டார் இசக்கியம்மாள்.

எல்லாரும் வெகுநேரம் யோசித்தார்கள். "வேண்டாம்," என்றார் மாசிலாமணி. "திரையில ஏதாவது இருக்கணும். இல்லைன்னா வேலையே செய்யலைன்னு டீச்சர் நினைச்சிருவாங்க."

வெள்ளிக்கிழமை இருபது பொட்டிகள் முன்னாலும் பிள்ளைகள் நின்றார்கள். ஸ்விட்சைப் போட்டு, ராகம் போட்டு எண்ணினார்கள். நூறும் முடிந்தது.

"எங்க டெஸ்க்டாப்?" என்றார் குணவதி டீச்சர்.

"அது எப்பவோ வந்துருச்சு டீச்சர்," என்றார் மாசிலாமணி, பெருமை தாங்காமல். "நீங்க வகுப்புக்குள்ள வரும்போதே இருந்துச்சு."

டீச்சர் திரையைப் பார்த்தார், நாலு பேரையும் பார்த்தார். அப்புறம் வாசலில் வண்டியோடு காத்து நின்றவரைப் பார்த்து, "பொன்பாண்டி, ஏத்துங்க," என்றார்.

பொன்பாண்டி வயரைப் பிடுங்கி, பொட்டிகளைத் தூக்கி வண்டியில் அடுக்கினார். வண்டி நகர்ந்ததும் மாசிலாமணி ஓடிப்போய்க் குறுக்கே விழுந்தார்.

"அநியாயம் பண்ணுதீரே! ஷட்டவுன் பண்ணாமலா ஏத்துவாங்க? உள்ள இருக்கிறதெல்லாம் என்னத்துக்கு ஆகும்?"

பொன்பாண்டிக்குக் கம்ப்யூட்டர் என்றாலே பயம். "வெடிச்சிருமா சார்?"

"எனக்குத் தெரியாது. அணைச்சுட்டுக் கொண்டு போம்!"

நாலு பேரும் வண்டிமேல் ஏறி, இருபது திரையிலும் அணைக்கிற பொத்தானைத் தேட ஆரம்பித்தார்கள். அது வெள்ளிக்கிழமை. இன்றைக்குப் புதன்கிழமை. வண்டி பள்ளி வாசலிலேயே நிற்கிறது. பொன்பாண்டியும் சேர்ந்து தேடுகிறார்.

இன்று காலையில் அவர்தான் குதித்தார். "சார், ஒண்ணை அணைச்சுட்டேன்! பாருங்க, திரை கறுப்பா இருக்கு!"

மாசிலாமணி குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட போம்வே, அணைக்கச் சொன்னா ஏன் போட்டீரு? கறுப்பு வந்துருச்சுல்லா, இப்பத்தான் அது ஆன் ஆயிருக்கு!"