அமலியின் பலகைக்கு நடுச்சட்டம்

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. முப்பது வருஷம் கதவும் நிலையும் கட்டிலும் செய்தவன். இருபத்தெட்டு வயதுப் பெண்ணிடம் போய்ச் சீடனாக நிற்பதே பாதி அவமானம். அவள் என் வேலையை ஒடித்தும் போட்டால் எப்படி இருக்கும்?

அவள் பெயர் பிலோமினா. மணப்பாடு கடற்கரையில் அலைச்சறுக்குப் பலகை செய்கிறாள். ஊரே மாஸ்டர் என்கிறது. வேறு வழியில்லாமல் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அந்தப் பலகை வெறும் நுரைக்கட்டிதான். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் விரல் தடிமன்கூட இல்லாத ஒரு மரச்சட்டத்தை வைத்து ஒட்டுவார்கள். பலகைக்குப் பலமே அதுதான்.

அலைச்சறுக்கும் உள்ளூர்ப் பெண் அமலிக்கு ஞாயிற்றுக்கிழமை போட்டி. அவளுடைய பழைய பலகை அலை நடுவில் முறிந்து, தாடையில் ஏழு தையல். புதுப் பலகைக்குச் சட்டம் செய்யும் பொறுப்பை மாஸ்டர் என்னிடம் கொடுத்திருந்தாள்.

முதலில் அருமையான தேக்கை இழைத்துக் கொடுத்தேன். கனம் ஜாஸ்தி, எண்ணெய்ப் பசை, ஒட்டு நிற்காது என்று ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டாள். தேக்கையே குறை சொல்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்து மலைவேம்பு. ஆறடிக்கு ஒரே துண்டாகக் கிடைக்காததால் இரண்டு துண்டுகளை நேராக முட்டவைத்து ஒட்டினேன். முழங்காலில் வைத்து ஓர் அமுக்கு அமுக்கினாள். படக்கென்று ஒட்டிலேயே விட்டுவிட்டது. வந்த ஆத்திரத்தில் உளியை வீசிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ரோஷத்தோடு வந்தேன். இரண்டு முனைகளையும் ஒரு முழ நீளத்துக்குச் சாய்வாகச் சீவி, ஒன்றோடொன்று படியவைத்து ஒட்டினேன். தடவினால் இணைப்பு எங்கே என்று விரலுக்குத் தெரியாது.

மாஸ்டர் வளைத்துப் பார்த்தாள். முறியவில்லை. இணைப்பு நன்றாக வந்திருக்கிறது என்றாள். அப்பாடா என்றிருந்தது.

பிறகு கட்டைவிரலால் சட்டம் நெடுகத் தடவினாள். பாதியில் விரல் நின்றுவிட்டது. அங்கே ஒரு கணு; பாரம் ஏறினால் மரம் முதலில் விடுகிற இடம். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தேன்.

"தெரிஞ்சேதான் வச்சீங்களா அண்ணாச்சி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொட்டித் தீர்த்துவிட்டேன். கணுவே இல்லாத மரம் எந்தக் காட்டில் முளைக்கிறது? அதை வெட்டி எறிந்தால் இன்னோர் இணைப்பு, இன்னும் இரண்டு நாள். அப்புறம் போட்டிக்கு அந்தப் பெண் எதை எடுத்துக்கொண்டு போவாள்? எத்தனை கதவில் இப்படி அடைத்திருக்கிறேன், ஒருத்தராவது வாய் திறந்திருப்பாரா?

"நுரைக்குள்ள போகப்போற சட்டம் மாஸ்டர். இதை எவன் பிரிச்சுப் பாக்கப்போறான்?" என்றேன்.

அவள் மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்து நீட்டினாள். ஒட்டுவதற்கு முன்னால், பலகையில் ஏறப்போகிறவரின் பெயரைச் சட்டத்தில் எழுதுவது அந்தப் பட்டறை வழக்கம். சட்டம் செய்தவர்தான் எழுதவேண்டும்.

ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். முனைப் பக்கமாகக் குனிந்து முதல் எழுத்தைத் தொடங்கினேன்.

"அங்கன வேண்டாம் அண்ணாச்சி," என்றாள். "அந்தக் கணு மேல எழுதுங்க. அமலி நிக்கப்போறது அதுமேலதான்."