ஒரு சாண் தள்ளி

ஆசான் என்றால் வெண்தாடி இருக்கும் என்பது கதை கேட்பவர்களின் எதிர்பார்ப்பு. பேச்சியம்மைக்கு அந்த வசதி இல்லை. நாகர்கோவில் பக்கம் சிலம்பக் கூடம் நடத்திவந்த அவருக்கு வயது முப்பத்தாறு. சீடர் தாணுலிங்கம் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் இவரை ‘ஆசான்’ என்பார். இவர் அவரை ‘அண்ணாச்சி’ என்பார். கூடத்தில் யாருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை.

அங்கே ஜோடி வரிசை என்று ஒரு பயிற்சி உண்டு. யார் முதலில் அடிப்பது, எங்கே அடிப்பது, எதிரே நிற்பவர் எப்படித் தடுப்பது, எல்லாம் முன்கூட்டியே முடிவானது. முதல் அடி நடு உச்சிக்கு, பதில் அடியும் அங்கேயே. தாணுலிங்கமும் அவர் நண்பர் இசக்கியப்பனும் பல வருடம் அதை ஜோடியாக ஆடியவர்கள்.

பிறகு இசக்கியப்பனின் அம்மா இறந்துபோனார். தாணுலிங்கத்துக்கு ஆள் அனுப்பிச் சொல்லவில்லை. சொல்லாததால் தாணுலிங்கம் போகவில்லை. சொல்லாமலே வந்திருக்க வேண்டும் என்பது இசக்கியப்பனின் கட்சி. ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்பது தாணுலிங்கத்தின் கட்சி. நியாயம் இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்ததால் பேச்சு அடியோடு நின்றது. தாணுலிங்கம் காலையில் கூடத்துக்கு வந்தார், இசக்கியப்பன் மாலையில்.

அம்மன் கோவில் கொடை விழாவில் ஆடிக் காட்ட வேண்டும் என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆசான் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார். ஊர் கைதட்டும் அளவுக்குச் சுத்தமாக ஆடினார்கள். முடித்ததும் இசக்கியப்பன் ஆசானிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை தாணுலிங்கம் வந்தார். கம்பை எடுக்கவில்லை.

“ஆசான், இந்த வரிசை வேண்டாம். எங்களை இஷ்டத்துக்கு மோத விடுங்க.”

“ஏன் அண்ணாச்சி?”

“எல்லாம் முன்னாலேயே தெரிஞ்சதுல என்ன இருக்கு? அடி எங்கே வரும்னு தெரியும். எப்படித் தடுக்கணும்னு தெரியும். இது சண்டையா, கல்யாண வீட்டு உபசாரமா?”

“மோத விட்டா?”

“என்னை ஒரு அடியாவது அடிப்பான்.”

ஆசானுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“நேத்து அடிக்கலையா?”

“எங்கே அடிச்சான்? தலைக்கு ஒரு சாண் தள்ளி இறக்கினான். நான் தடுக்காம நின்னாலும் படாது. முன்னெல்லாம் நேரா நடு மண்டைக்கு வரும், ஆசான். தடுத்தா முழங்கை வரைக்கும் அதிரும். வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும்போதும் விரல்ல அது இருக்கும். நேத்து ஒண்ணுமே இல்ல.” தாணுலிங்கம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். “வழிகேட்ட வெளியூர்க்காரனுக்குப் பதில் சொல்ற மாதிரி அடிச்சிட்டுப் போயிட்டான்.”

ஆசான் ஒரு கம்பை அவர் கையில் கொடுத்தார். இன்னொன்றை எடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் அவர் உச்சிக்கு இறக்கினார். தாணுலிங்கத்தின் கம்பு தானாக எழுந்து தடுத்தது. கூடமே அதிர்ந்தது.

மறுபடி இறக்கினார். இந்த முறை ஒரு சாண் தள்ளி. தாணுலிங்கத்தின் கம்பு எழுந்து, எதன் மீதும் படாமல் அந்தரத்தில் நின்றது.

“எது வலிச்சுது?”

“ரெண்டாவது.”

“சரி. வரிசையில முதல் அடி யாருது, அண்ணாச்சி?”

“என்னுது.”

“நேத்து அது எங்கே விழுந்தது?”

தாணுலிங்கம் வாசல் பக்கம் பார்த்தார்.

“தள்ளித்தான்.”

“எவ்வளவு?”

“அளந்தா பார்த்தேன்?” என்று சீறினார். பிறகு குரல் இறங்கியது. “அவன் அடிச்ச அளவு இருக்கும்.”

“அடுத்த தடவை நேரா அடிங்க.”

“அது எப்படி முடியும் ஆசான்? முன்னெல்லாம் அவன் தடுப்பான்னு தெரியும். கண்ணை மூடிக்கிட்டு அடிப்பேன். இப்போ அவன் மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நான் நேரா இறக்கி, அவன் கம்பைத் தூக்காம அப்படியே நின்னுட்டா?”

ஆசான் தன் கம்பைச் சுவரில் சாத்தினார்.

“நேத்துச் சாயங்காலம் அவரும் வந்தாரு, அண்ணாச்சி. இதையேதான் கேட்டாரு.”