கரடி பூசிய சிமெண்டுச் சுவர்

ஒரு காட்டில், ஓடைக்கு மேலே, மொந்தையன் என்ற கரடிக்கு ஒரு மண்வீடு இருந்தது. தாத்தா காலத்து வீடு. பூச்சு பொரிந்து பொரிந்து விழுந்துகொண்டிருந்தது.

மழைக்காலம் நெருங்கியது. மொந்தையனின் மனைவி சடைச்சிக்கு அது நிறைமாதம்.

"குட்டி பிறப்பதற்குள் சுவரைப் பூசிவிடுங்கள்," என்றது சடைச்சி. "ஓடைக்கரையில் நல்ல களிமண் கிடக்கிறது. காய்ந்த புல்லை நறுக்கிப் போட்டு மிதித்தால் போதும்."

மொந்தையனின் முகம் சுருங்கிப்போனது. எதிர் மேட்டில் காட்டுப்பன்றி தன் வீட்டுக்குப் புதிதாகச் சிமெண்டு பூசியிருந்தது. சுவரில் முகமே பார்க்கலாம். நாள் முழுக்கச் சேற்றில் புரளுகிறவனுக்குப் பளபளப்புச் சுவர், தேன் குடிக்கிற எனக்குச் சேற்றுச் சுவரா என்று அதற்கு வயிறு எரிந்தது.

"மண்ணைப் பூசினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?"

"நம் வீட்டுக்கு நாலு பேர் எப்போது வந்தார்கள்? உங்கள் குறட்டைக்குப் பயந்து ஆந்தைகூட இந்தப் பக்கம் வருவதில்லை. மண்சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டைப் போட்டு அடைத்தால் ஈரம் எங்கே போகும்?"

"அது ஈரத்தின் கவலை," என்று சொல்லிவிட்டு மொந்தையன் நரிக் கொத்தனாரைக் கூட்டிவந்தது.

நரி சுவரை விரலால் சுரண்டிப் பார்த்தது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இது மண்சுவராயிற்றே, அண்ணே?"

"அதனால் என்ன? பன்றி வீட்டுக்குப் பூசியதையே பூசு."

"அண்ணன் சொன்னால் சரி," என்று நரி கரணையை எடுத்தது. கூப்பிட்டு வேலை கொடுப்பவரிடம் வாதாடும் வழக்கம் அதற்கு இல்லை.

சுவர் மின்னியது. மொந்தையன் அதில் முகம் பார்த்து மயிரைக் கோதிக்கொண்டது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. விட்டபாடில்லை. அந்த மழையில்தான் குட்டியும் பிறந்தது. சுவரைத் தட்டினால் காலிப் பானையைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. சடைச்சி குட்டியின் படுக்கையை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டது.

குட்டிக்குப் பெயர் வைக்கும் நாளில் மானும் முயலும் பன்றியும் வந்தன. யாரும் குட்டியைப் பார்த்த பாடில்லை. மொந்தையன் விடவில்லை.

"சுவரைப் பாருங்கள். ஆயுசுக்கும் அசையாது," என்று உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியது.

பூச்சு முழுதாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே ஊறிக்கிடந்த மண்ணும் கூடவே சரிந்தது. மொந்தையனின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

எல்லாமாகச் சேர்ந்து தோண்டி எடுத்தன. குட்டி பத்திரமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, மொந்தையன் வாயிலிருந்த மண்ணைத் துப்பியது.

"பன்றி அண்ணே, உன் சுவர் மட்டும் எப்படி நிற்கிறது?"

"என் சுவர் கருங்கல், தம்பி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. என் பூச்சைத்தானே பார்த்துக்கொண்டு நின்றாய்?"

மழை விட்டதும் மொந்தையன் ஓடைக்கரையில் இறங்கிக் களிமண் மிதித்தது. இடுப்பளவு சேறு. அந்த வழியாக நரி வந்தது.

"என்ன அண்ணே, மண்பூச்சா?"

மொந்தையன் நெஞ்சை நிமிர்த்தியது. "உனக்கு விஷயம் தெரியாதா? இப்போது இதுதான் நாகரிகம்."

நீதி: அடுத்தவர் சுவரின் பளபளப்பைப் பார்த்து உன் சுவருக்குப் பூசாதே, உன் சுவர் எதனால் ஆனது என்று முதலில் பார்.