கதவில்லாத கோழிக்கோட்டை

முன்னொரு காலத்தில், பேர் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் பேர் வேண்டாம், ஒரு நாட்டில் அழகுவர்மன் என்றொரு ராஜா இருந்தார். போருக்குப் போகிற ஆசை தீர்ந்துபோய் அவருக்குக் கோழி வளர்க்கிற ஆசை பிடித்துக்கொண்டது. அரண்மனைக் கொல்லையில் புள்ளிப் பெட்டைகளை விட்டார். நரி ஒன்றைக் கவ்வியது, கீரி ஒன்றைக் கடித்துப்போட்டது, பருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கோழிக்கு வெயிலும் மண்ணும் கிடைக்க வேண்டும், ஆனால் எதுவும் உள்ளே நுழையக் கூடாது, அப்படி ஓர் அடைப்பைக் கட்டுவது யார் என்று சபையில் கேட்டார்.

கோட்டைத் தளபதி ரணசிங்கனுக்கு அரசவை விகடகவி முத்தாண்டியைக் கண்டாலே ஆகாது. நாம் நாய் மாதிரி உழைக்கிறோம், ராஜா இவன் பேச்சைக் கேட்டுத்தானே சிரிக்கிறார் என்ற எரிச்சல். எழுந்து வணங்கினான்.

“அரசே, கோட்டை விழுவது வாசலால்தான். ஆகவே இந்த அடைப்புக்குக் கதவே கூடாது. ஆயினும் காலைதோறும் முட்டை தங்கள் கைக்கு வந்தாக வேண்டும். முத்தாண்டியாரின் மூளைக்கு இது எம்மாத்திரம்? முடியாவிட்டால் அவர் நாட்டை விட்டுப் போகட்டும்.”

ராஜா தலையாட்டிவிட்டார். முத்தாண்டிக்கு வீட்டில் மனைவி நிறைமாதம். அவளை அழைத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போவது?

ஆனாலும் வேலையை ஆரம்பித்தான். கல்மூங்கிலை ஆழமாக நட்டான். கீரி தோண்டினால் நகம் தேயட்டும் என்று சுற்றிலும் பள்ளம் வெட்டிப் பலகைக்கல்லைப் புதைத்தான். பக்கவாட்டில் நெருக்கமாக மூங்கில் தட்டி, மேலே பருந்துக்காகக் கயிற்று வலை.

ரணசிங்கன் தினமும் வந்து குற்றம் கண்டுபிடித்தான். கோட்டையை உள்ளே நின்றுதான் சோதிக்க வேண்டுமாம், அவன் பரம்பரை வழக்கம். இன்னும் தட்டி கட்டாத பக்கமாக உள்ளே போய் மூங்கிலை உதைப்பான், கல்லை நெம்புவான். அவன் ஓட்டை சொல்லச் சொல்ல அடைப்பு உறுதியானது. அவன் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே நின்ற முத்தாண்டிக்குச் சட்டென்று ஒரு யோசனை உதித்தது. அன்று வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டான்.

கடைசி நாள் காலையில் கோழிகளை உள்ளே விட்டார்கள். ரணசிங்கனும் புகுந்து, மண்டிபோட்டுக் கல்லிடுக்கைத் துழாவினான். முத்தாண்டி கண்ணைக் காட்டினான். ஆட்கள் கடைசித் தட்டியை நிறுத்தி இறுக்கிக் கட்டிவிட்டார்கள். தளபதி உள்ளே கத்திய கத்தலில் சேவல்கூட வாயை மூடிக்கொண்டது.

ராஜா வந்தார். முட்டை எங்கே என்றார்.

“தளபதியாரே, அரசர் முட்டை கேட்கிறார்,” என்றான் முத்தாண்டி.

ராஜா கேட்ட பிறகு என்ன செய்வது? பெட்டையிடம் கொத்து வாங்கிக்கொண்டே ரணசிங்கன் முட்டையை எடுத்து இடுக்கு வழியாக நீட்டினான்.

“அரசே, கதவில்லை. முட்டை வந்துவிட்டது. தினமும் எடுத்துத் தர, யோசனை சொன்னவரே உள்ளே இருக்கிறார். அவரைவிட நம்பிக்கையான ஆள் யார்?”

ராஜா உதட்டைக் கடித்துக்கொண்டு, “தளபதி, உமது கருத்து என்ன?” என்றார்.

ரணசிங்கன் தலையைக் குனிந்தான். தலைப்பாகையில் ஒரு கோழி ஏறி உட்கார்ந்திருந்தது.

“ஒரு கதவு வைக்கலாம், அரசே.”

“எவ்வளவு பெரிய கதவு?”

“என் அளவுக்கு, அரசே.”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். கழுத்து முத்துமாலையைக் கழற்றி முத்தாண்டிக்குப் போட்டார். பிள்ளை பெறப் போகிறவளுக்கு என்று அவர் பெட்டைக்கோழி ஒன்றையும் கொடுத்தனுப்பினார். அதை அடைப்பிலிருந்து பிடித்துக் கொடுத்தது ரணசிங்கன்தான், கதவு வைக்கிறவரைக்கும் அவனுக்கும் வேறு வேலை இல்லையே.