மறை சரியாத்தான் ஏறுச்சு

தேனி பைபாஸ் ஒர்க்‌ஷாப்பில் பேச்சிக்கனிதான் மேஸ்திரி. வயது முப்பத்து நாலு. அவளிடம் தொழில் பழக வந்த மொக்கராசுவுக்கு ஐம்பத்தொன்று. லாரி ஓட்டியே இடுப்பைக் கெடுத்துக்கொண்ட மனிதர். குரு சீடரை அண்ணே என்பாள். சீடர் குருவை மேஸ்திரி என்பார். அதில் இருவருக்கும் கூச்சமில்லை.

அன்று காலை அலாவுதீனின் டாக்ஸியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். குமுளி ஏற்றத்தில் இன்ஜின் ஜாம். கார்த்திகை பிறக்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. சபரிமலை சீசனில் வண்டி ஓடினால்தான் அவன் வீட்டில் வருடம் முழுக்க அடுப்பெரியும்.

பேச்சிக்கனி ஆயில் ஃபில்டரைக் கழற்றி ரம்பத்தால் அறுத்தாள். உள்ளே பேப்பர் நைந்து கிடந்தது.

"கிழிஞ்ச பேப்பர் ஆயில் போற வழியை அடைச்சிருச்சு. பேரிங் காஞ்சு பிடிச்சிருக்கு."

மொக்கராசு குனிந்து பார்த்தார். பதினைந்து நாள் முன்பு அதைப் புதுக் கடையில் வாங்கி மாட்டியவர் அவர்தான்.

"எப்பவும் வாங்குற அதே டப்பா, மேஸ்திரி. திருகுற மறையும் சரியாத்தான் ஏறுச்சு."

"மறை ஏறத்தான் செய்யும். போலி செய்றவய்ங்க அதை மட்டும் ஒழுங்கா வெட்டியிருப்பாய்ங்க."

"அப்ப நல்லது எது, போலி எதுன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

அவள் அலமாரியைத் திறந்தாள். புதுக் கடையில் வாங்கிய இன்னொன்றையும் நல்ல ஃபில்டர் ஒன்றையும் எடுத்து அறுத்தாள். இரண்டின் பேப்பரையும் ஒரு தகர டப்பா ஆயிலில் போட்டு அடுப்பில் வைத்தாள். முதலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கிடந்தன. ஆயில் கொதித்ததும் புதுக் கடைப் பேப்பர் பசை விட்டுப் பிய்ந்துபோனது. மற்றது மடிப்புக் கலையாமல் நின்றது.

"சூடு ஏறணும், அண்ணே" என்றாள்.

அலாவுதீன் டீ கிளாஸோடு வந்தான். கண் சிவந்திருந்தது.

"எல்லாம் என் தப்பு. ஏத்தத்துல ரொம்ப மிதிச்சுட்டேன்."

பேச்சிக்கனி அடுப்பை அணைக்கக் குனிந்தாள். அறுத்த ஃபில்டரைத் துணியில் சுருட்டிவிட்டால் விஷயம் முடிந்தது. பொய் சொல்வானேன், மொக்கராசுவின் கை துணிவரை போகத்தான் செய்தது.

"உன் தப்பில்ல தம்பி. நான் மாட்டுன ஃபில்டர் போலி."

அலாவுதீன் டீ கிளாஸைத் தரையில் அடித்தான்.

"பெரிய மனுசன்னு நம்புனேனேய்யா! எம்பிள்ளைக சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

இன்னும் எழுத முடியாததெல்லாம் சொன்னான். மொக்கராசு நின்று கேட்டார். கடைக்காரன் பேரை எடுக்கவில்லை.

"கார்த்திகை ஒண்ணாந்தேதி வண்டி ஓடும். அது எங்க பொறுப்பு" என்றாள் பேச்சிக்கனி.

அலாவுதீன் விறுவிறுவென்று வெளியே போனான்.

மொக்கராசு ஸ்பானரை மேஜைமேல் வைத்தார்.

"நாளைலேர்ந்து நான் வரல, மேஸ்திரி. என்னைய நம்பி இனி எந்த வண்டியைக் குடுப்பீங்க?"

அவள் ஸ்பானரை எடுத்து அவர் கையிலேயே திணித்தாள்.

"உங்களுக்கும் சூடு ஏறுச்சு. கிழியலையே. வாங்கண்ணே, இன்ஜினை இறக்குவோம்."